கோணமலையைக் கோட்டையாக்கியவன்

திருக்கோணமலைக் கோட்டை வாயிலிலே, உட்புகுவோர் கண்ணிற் படுமாறு ஒரு கல்வெட்டு உண்டு. இரு மீன்கள் பொறித்த கல்லும் அவ்வாயிலிலேயே உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கி குலைப்பான் என்பதே அக்கல்வெட்டுச் செய்யுளின் கருத்து. ஈழத்திலே தமிழ் படித்தவருள் அதனை அறியாதார் அரியர். யானும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே அதனைச் சொல்லி வருகின்றேன். பதம் பிரிப்பேன், சிதைந்த எழுத்துக்களைப் பெரியோர் நிரப்பிய முறையைக் காட்டுவேன், சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தின் பெருமையை விரிப்பேன், அத்துடன் மணியடித்துவிடும்.

சென்ற தவணையிலே ஒரு மாணவன் எழுந்து, அந்தப் பறங்கிக்குப் பெயர் இல்லையா என்று வினவினான். கொன்ஸ்தந்தீனு டி சா என்றேன். அவன் அமரவில்லை. எக்காரணம் பற்றிக் கோயிலை இடித்தான், பின்பு அவன் என்னவானான் என்று மேலும் கேட்டான். பெயருக்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. குளக்கோட்டனைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வல்ல எனக்கு, அவன் பணியைக் குலைத்தவனைப் பற்றி ஒரு வசனந்தானும் தெரியாதிருந்தது நாணத்தை அளித்தது. வெள்ளவத்தையிலிருந்து நூல்நிலையத்துக்குப் பல சனிக்கிழமைகள் நடந்தேன். அங்ஙனம் தேடி அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். அரசரையும் சேனாபதியரையும் அவன் என்றெழுதுவது நம் மரபு. அது கருதியே அவ்வாறெழுதுகின்றேன், வெறுப்பினால் அன்று.

டி சா 1586ஆம் ஆண்டளவிற் பிறந்த போர்த்துக்கேய உயர்குடியினன். அக்காலம் போர்த்துக்கல் தன்னரசிழந்து ஸ்பானிய மன்னனின் முடிக்கீழ் இருந்த காலம். 1618இல் இலங்கையின் படைத்தலைவனும் தேசாதிபதியுமாக அவன் கொழும்புக்கு வந்தான். கோட்டை இராச்சியத்தின் கடைசி அரசன் தர்மபாலன் தன் நாட்டைப் போர்த்துக்கல் மன்னனுக்கே எழுதி வைத்து 1597இல் மாண்டான். அந்த மரணசாசனத்தின் பலத்திலே கரையோரச் சிங்கள நாடு பறங்கியர் கையில் இருந்தது. மலைநாட்டிலே கண்டியரசன் செனரத் 1617இற் செய்த உடன்படிக்கையின்படி திறைசெலுத்த இசைந்திருந்தான். வடக்கிலே சங்கிலி குமாரன் யாழ்ப்பாணத்தை ஆண்டான். இவையெல்லாம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் காலங்கழித்த அமைதி.

புதிய தேசாதிபதி அவ்வமைதியை நெடுநாள் விட்டு வைக்கவில்லை. 1619இலே பிலிப்பு டி ஒலிவேராவைப் படையுடன் யாழ்ப்பாணத்துக்கு ஏவினான். சங்கிலி குமாரன் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த பழியை நம்மவர் ஒலிவேராவின் மேல் வைப்பர். இடித்தவன் அவனே. ஆயினும் அவனை அனுப்பிய கை கொழும்பிலிருந்தது என்பதை நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. வில்லை மறந்து அம்பை நோவது போன்றது இது.

அதே காலத்திலே சப்பிரகமுவப் பக்கத்தில் அந்தோனியோ பரெத்தோ என்னும் குருவிற்ற ராளை கலகஞ் செய்தான். டி சா அவன்மேற் படைநடத்தி வென்றான். இந்த வெற்றியைப் புகழ்ந்து சிங்களத்தில் ஒரு போர்க்காவியம் எழுந்தது. குஸ்தந்தீனு ஹட்டன என்பது அதன் பெயர். அதனை யாத்தவர் அழகியவன்ன முகவெட்டியார் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. சீதாவாக்கை இராசசிங்கன் அவையிலிருந்து செவுல் சந்தேசம் பாடியவர் அவர். நீதி நூலான சுபாஷிதயத்தையும் குசஜாதகக் காவியத்தையும் தந்தவர். பறங்கியர் ஆட்சியிலே கிறிஸ்தவராகித் தொன் ஜெரோனிமோ ஆனவர். சிங்களப் புலமையின் உச்சியில் நின்ற ஒருவர் ஒரு பறங்கிச் சேனாபதியைக் காவிய நாயகனாக்கினார் என்னும் செய்தி என்னை ஒரு நாள் முழுவதும் அலைக்கழித்தது. பிழைப்புக்காகப் பாடினாரா, வியப்பினாற் பாடினாரா? பரிசிலுக்குப் பாடிய நம் புலவர்களை நினைந்து, அவர்மேற் குற்றஞ் சொல்ல என் நா எழவில்லை.

இனித் திருக்கோணமலைக்கு வருவோம். 1620இலே ஓவ கேட்டே என்னும் தலைவனின் கீழ் டென்மார்க்குத் தேசத்துக் கப்பல்கள் கீழ்க்கரையில் வந்து நின்றன. செனரத்துடன் உடன்படிக்கை செய்து, திருக்கோணமலையிலே கோட்டையொன்று கட்டவும் அவர்கள் தொடங்கினர். பின்னர் அரசனோடு மனம் ஒவ்வாமையால் 1621இல் அதனைக் கைவிட்டுப் போயினர். சோழமண்டலக் கரையிலே தஞ்சை இரகுநாத நாயக்கனிடம் அவர்கள் பெற்ற தரங்கம்பாடியே அப்பயணத்தில் நிலைத்த பேறாயிற்று. ஆனால் அவர்கள் கோணமலையில் வைத்த சில கற்கள் கொழும்பிலிருந்த டி சாவின் உறக்கத்தைக் கெடுத்தன. கண்டியரசனுக்குக் கடலிலே திறந்திருந்த வாயில்கள் திருக்கோணமலையும் மட்டக்களப்பும். இன்று தேனியன் வந்த வழியாலே நாளை ஒல்லாந்தன் வருவான் என்று அவன் கணித்தான். அக்கணக்குப் பிழைக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆதலின் அவன் படையோடு கோணமலைக்குச் சென்றான். கடலுக்குள் நீண்டு, மூன்று புறமும் செங்குத்தாய் இறங்கும் அம்மலைமுனையின் கழுத்தை ஒரு மதிலால் அறுத்துவிட்டால் அதுவே அரணாகும். அறுப்பதற்கு வேண்டிய கல்லோ மலைமேலேயே இருந்தது. அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியிலே தலையாயது ஒன்றாக மூன்று கோயில்கள் அங்கிருந்தன என்று குவேறோசு பாதிரியார் தம் பெருநூலில் எழுதுகின்றார். அம்மூன்றும் வீழ்ந்தன. தூண்கள் மதிலாயின. பாண்டியரின் இணைக்கயல் வாயிற்கல்லாயிற்று.

இது நடந்தது 1622 என்பாரும் 1624 என்பாரும் உளர். டி சா 1622இற் பதவியை விட்டு, ஜோர்ஜு டி அல்புக்கேர்க்கு அவ்விடத்தில் அமர்ந்து, 1623இல் மீண்டும் டி சாவே வந்தான் என்பதை நோக்கப் பிந்திய ஆண்டே பொருந்துமெனத் தோன்றுகின்றது. சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி வீதியுலாப் போந்த வேளையிலே, பார்ப்பனர் வேடம் பூண்ட பறங்கிச் சிப்பாய்கள் கோயிலுட் புகுந்தனர் என்பது செவிவழி வந்த கதை. வேடமிட்டுப் புகவேண்டிய தேவை பீரங்கி வைத்திருந்தவனுக்கு இருந்ததா என்பது என் ஐயம். ஆயினும் சுவாமி வெளியே எழுந்தருளியிருந்த தருணத்திலே கோயில் போயிற்று என்று கதை சொல்வதில் ஓர் ஆறுதல் உண்டு. மூர்த்தி தப்பியது என்பதே அவ்வாறுதல். அவ்வாறு மறைத்துக் காத்த திருவுருவங்கள் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகராய் வழிபடப்பட்டன என்பர். 1950இலே திருக்கோணமலை நகரில் நிலம் அகழ்ந்தபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டமையும், 1956இல் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலிலே மூழ்கித் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டமையும் அக்கதைக்கு அரண் செய்கின்றன. எல்லாம் மதிலாகவில்லை, சில மண்ணுட் போயின, சில கடலுட் போயின.

கல்வெட்டுச் செய்யுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கோயில் இடியுமுன்பே பொறிக்கப்பட்ட தீர்க்கதரிசனம் என்று நம்புவோர் பலர். டி சாவே அதன் பொருளைக் கேட்டறிந்து படியொன்றைப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பினான் என்றும், அப்படி லிஸ்பனிலுள்ள அஜூடா நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டது என்றும் எழுதியுள்ளனர். தன் செயலைத் தூற்றும் செய்யுளைத் தானே அரசனுக்கு அனுப்பியவன் விசித்திரமான மனிதனாகத்தான் இருக்க வேண்டும். அன்றி, தான் வருவது விதியால் முன்னரே எழுதப்பட்டது என்று மகிழ்ந்தானோ என்னவோ!

இனி, என் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுளது. கோணமலை முனையிலிருந்து உள்துறைமுகத்தின் வாயிலைக் காக்க முடியாது. வடபுறக் குடாவையும் தென்புறக் குடாவையும் அம்முனை நோக்கும். கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கும் அந்தப் பேராழத் துறைமுகத்தின் வாயிலோ தெற்கே வேறொரு மலைத்தொடரின் காலடியில் உள்ளது. இதனை உணர்ந்தே பின்வந்த ஒல்லாந்தர் அத்தொடரின் முனையில் ஒஸ்ரன்பேர்க் என்னும் இரண்டாங் கோட்டையைக் கட்டினர். துறைமுகத்தைக் காப்பதே டி சாவின் நோக்கமாயின், அவனுக்கு ஏற்ற மலை வேறொன்று அருகிலே இருந்தது. அங்கே இடிக்கக் கோயில் இல்லை. எடுக்கத் தயாராய்ச் செதுக்கிய கல்லும் இல்லை. அவன் பக்கத்தில் நின்று சொல்லவும் நியாயம் உண்டு. ஆள் குறைவு, பணம் குறைவு, காலம் குறைவு. ஒரு சிறு படையால் விரைவிற் காக்கக்கூடிய இடம் மலைமுனையே. மத வைராக்கியம் பாதி, சிக்கனம் பாதி என்று தீர்க்கத் தோன்றுகின்றது. சிக்கனத்துக்காக ஒரு தக்கிண கைலாசம் போயிற்று என்பது வைராக்கியத்துக்காகப் போயிற்று என்பதினும் கொடிதாக எனக்குப் படுகின்றது.

அவன் வேறு மதில்களும் எடுத்தான். கொழும்பின் அரணைக் கல்லால் வலுப்படுத்தினான். மெனிக்கடவரையிலே களப்படைக்குப் பாசறை அமைத்தான். 1626இல், அரசாணைப்படி, பறங்கியர் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேருக்குச் செனரத் மட்டக்களப்புப் பக்கத்திலே இடமளித்தான். துரத்திய அரசன் ஒருவன், ஏற்ற அரசன் ஒருவன். 1628இல் அந்த மட்டக்களப்பிலும், புளியந்தீவிலே, டி சா கோட்டை எடுத்தான்.

அத்துடன் கண்டியின் இரு கடல்வாயில்களும் அடைபட்டன. மூச்சு முட்டியவன் திமிறாமல் இரான். இரு கோட்டைகளும் போரை விலக்கும் என்று கட்டப்பட்டவை. போரை அழைத்தவை அவையே. டி சா கண்டிமேற் படையெடுத்து நகரை எரித்தான். நகரை எரித்தல் எளிது. மலையரசர் நகரை விட்டுக் காட்டுக்குள் ஒதுங்கி, எரித்தவன் திரும்பும் வழியிலே காத்திருப்பர். அதனை அறியாதவன் அல்லன் அவன். ஆனால் 1629இற் கோவாவுக்கு வந்த இராசப்பிரதிநிதி லின்யாரெசுப் பிரபு, கண்டியை வெல்லாது காலங்கடத்துகின்றான் என்று அவனைக் கடிந்து எழுதினான். கை சுத்தமானவன் என்று பெயரெடுத்தவனைச் சோம்பன் என்றும் வியாபாரி என்றும் பொருள்படச் சுட்டால் அவன் என் செய்வான்? தன் அறிவு வேண்டாமென்று சொன்ன போருக்கு, தன் மானத்துக்காகப் புறப்பட்டான்.

1630ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஊவா வழியே சென்று வதுளையை எரித்தான். அவனுடன் போர்த்துக்கேயர் சில நூற்றுவரே. மிகுதி ஆயிரக்கணக்கான லஸ்கரின் படையினர், அதாவது அவனது சம்பளத்தில் நின்ற சிங்களப் போர்வீரர். அவர்களின் தலைவர் நால்வர்: தொன் கொஸ்மே, தொன் அலெய்சோ, தொன் பல்தசார், தொன் தெயோதோசியோ. நால்வரும் ஞானஸ்நானம் பெற்ற முதலிமார். கொழும்பிலே அவனோடு நெருங்கிப் பழகியவர்கள். நால்வரும் ஏற்கெனவே செனரத்துடன் இரகசியமாய்ப் பேசி முடித்திருந்தனர். எச்சரித்தவர் இருந்தும் அவன் அவர்களைத் தண்டிக்கவில்லை என்பர். நம்பிக்கையினாலோ, படையின் பெரும்பகுதியே அவர்கள் கையில் இருந்தமையாலோ, அறியேம்.

வெல்லவாயைக்கு அணித்தான ரந்தெனிவெல என்னுமிடத்திலே பொறி மூடியது. மழை பெய்து துப்பாக்கித் திரியும் மருந்தும் நனைந்தன. தொன் கொஸ்மே ஒரு போர்த்துக்கேயனை வெட்டித் தலையை ஈட்டியிற் குத்தி உயர்த்தினான், அதுவே அடையாளம். லஸ்கரின் படை அணி அணியாய் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கண்டிப் படையை நடத்தியவர்களுள் செனரத்தின் இளம்புதல்வன், பின்னாளில் இரண்டாம் இராசசிங்கனாய் முடிசூடியவன், ஒருவன். ஆகஸ்டு 25இல் டி சா தன் சிறு கூட்டத்தோடு சூழப்பட்டு, ஓட வழி தேடாமற் பொருது வீழ்ந்தான். அவன் தலையைக் கொய்து அரசகுமாரனிடம் கொண்டுசென்றனர் என்பது வழக்கு. கோணமலை வீழ்ந்து பத்து ஆண்டும் ஆகவில்லை. நம் முதியோர் இதனைக் கோணேசரின் தண்டனை என்பர். பகையரசனின் ஆத்திரமும் மேலதிகாரியின் கடிதமும் போதிய காரணங்களாக எனக்குத் தோன்றுகின்றன. முதியோருடன் வாதாட யான் விரும்பவில்லை.

கண்டிப்படை அடுத்துக் கொழும்பை முற்றுகையிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குப் பஸ்ஸிற் செல்லும் நம் மாணவர், பகைவர் வளைந்து நின்ற நிலத்தின் மேலேயே தாம் போகின்றனர் என்பதை அறியார். மதிலுக்குள்ளே போர்வீரர் மிகக் குறைவு. குருமாரும் நகர மாந்தரும் மதிலேறிக் காத்தனர் என்பர். வெளியிலிருந்து உதவி வரும்வரை நகர் தாங்கியது. அவன் கட்டியவற்றுள் அவனுடைய இனத்தார்க்கு உண்மையிற் பயன்பட்டது கொழும்பின் மதிலே.

கோணமலைக் கோட்டை எத்தனை நாள் நின்றது? 1638இல் ஒல்லாந்தர் இராசசிங்கனோடு சேர்ந்து மட்டக்களப்பைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் அந்தோனியோ கான் என்னும் தளபதி திருக்கோணமலைக் கோட்டையைச் சிலநாட் பொழுதில் வாங்கினான். உள்ளே இருந்த காவலர் சிறு தொகையினர். பின்னர் அது கண்டியரசனின் விருப்பப்படி இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுப் பாடல்பெற்ற தலத்தை அழித்தெடுத்த அரண் பதினைந்து ஆண்டளவே பறங்கியருக்கு உதவிற்று. ஒல்லாந்தர் அதனை மீளக் கட்டினர். 1782 சனவரியில் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்தலைவன் சுப்ரேன் அவரிடமிருந்து பிடித்தான். உடன்படிக்கையால் ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் கொண்டு, பின்பு தம் இளவரசர் பிரெடெரிக்கின் பெயரைச் சூட்டினர். இவற்றுள் எம்முற்றுகையும் நெடிது நீளவில்லை. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கியபோது, கடலை நோக்கி ஒஸ்ரன்பேர்க் மலையில் நின்ற பெரும் பீரங்கிகளுக்குச் சுடத்தக்க கப்பல் ஒன்றும் எதிரே தோன்றவில்லை. பகை வானத்தால் வந்தது.

டி சாவைப் பற்றிய நூல் ஒன்று 1681இல் லிஸ்பனில் வெளிவந்தது. எழுதியவன் அவன் மகன் யோவான் ரொட்றீகசு டி சா. மொழி ஸ்பானியம், பெயர் இலங்கையின் கலகம் என்று பொருள்படுவது. தந்தை இறந்து ஐம்பதாண்டு கழிந்த பின்பும் அவருடைய பெயரின் மேல் விழுந்த பழியைத் துடைக்க முயலும் ஒரு மகனின் குரல் அதில் ஒலிக்கின்றது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோது முதலிற் சினமே மேலிட்டது. நீதி தவறாதவன், கைந்நீளாதவன், வீரர்க்குத் தந்தை போன்றவன் என்று மகன் அடுக்கிக்கொண்டே போகின்றான். கோயிலைப் பற்றி அவனுக்கு என் துயரம் எப்படி இருக்கும்? ஆனால் நூலின் பிற்பகுதியிலே, காட்டிலே கைவிடப்பட்ட தந்தையைச் சொல்லுமிடத்தில், புத்தகத்தைச் சிறிது மூடிவைக்க நேர்ந்தது. எனக்கும் தந்தை இருந்தார். அவரைப் பற்றிப் பிறர் சொன்ன ஓர் அவதூற்றை இன்றுவரை மறுத்தெழுத எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு மனிதனைப் பற்றி மூன்று மொழியில் எழுத்து உண்டு. சிங்களத்தில் அவன் வெற்றி வீரன். ஸ்பானியத்தில் வஞ்சிக்கப்பட்ட நல்லவன். தமிழில் அவன் பெயரில்லாத பறங்கி. மூன்றும் பொய்யல்ல. நம்முடையது மிகச் சிறியது. கல்லிலே நின்றதும் அதுவே. அதனைப் பொறித்தவன் இடிபாட்டுக்குப் பின் வந்த ஒரு துயருற்ற தமிழன் என்பது என் துணிபு. தன் ஊரில் நடந்ததைத் தன் பாட்டன் முன்னரே சொன்னான் என்று பாடினால் நெஞ்சு சிறிது ஆறும். முன்னரே பொறித்தது என்று கொள்வோர் கொள்க. எவ்வாறாயினும் இடித்தவனின் பெயரை அவன் எழுதவில்லை. எழுதத் தகாதது என்று விட்டானோ, அறியாமல் விட்டானோ!

மறுவாரம் வகுப்பிலே இவற்றைச் சொன்னேன். இரண்டு பாடவேளை சென்றது, பாடத்திட்டம் பின்தங்கியது. வினவிய மாணவன் கடைசியில் ஒன்று கேட்டான். ஒல்லாந்தர் வேறு மலையிற் கட்டினார்களே, அது டி சாவுக்குத் தெரிந்திருக்குமா என்றான். மலை அவன் கண்முன்னே நின்றது என்று மட்டும் சொன்னேன்.

1963 மார்ச்சிலே கோணேசருக்கு மலையுச்சியில் மீண்டும் கும்பாபிடேகம் நடந்தது. தரிசனத்துக்குச் செல்லும் வழி இன்றும் அக்கோட்டை வாயிலூடாகவே செல்கின்றது. விடுமுறையில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றேன். எழுத்து மங்கிவிட்டமையால் காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்திற் போய்ச் சேரவேண்டும்.